பதில் மத்தளம்

மத்தான்சாஸ்
மே 9, 1993

எவெலியோவுக்கு,

சமாதானம் பேசுவதற்காக எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரங்கு நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, என் புருஷனின் நாற்காலியில் அந்த ரெய்னியெரைக் கொண்டுவந்து உட்காரவைத்தாயே, அதை நான் மறக்கவில்லை. மேடையேறி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து இறக்கியதற்காக வருத்தப்படவும் இல்லை. கோபித்துக்கொண்டு தாய் மத்தளத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நாட்டின் மறுகோடிக்குப் போனாய். போ. சாந்தியாகோவில் உனக்குப் பாடம் சொல்லித்தரும் வேலை கிடைத்துவிட்டது என்று நம் குழுவின் பல்தசார் சொன்னான். நல்லது.

ஒரு விஷயம் மட்டும் உனக்குத் தெரிய வேண்டும். என் சில்வினோ செத்துவிட்டான் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னவன் நீ. வடகாற்று அடித்த அந்தப் பிப்ரவரி நாளில் லாரி ட்யூபில் உட்கார்ந்து மீன் பிடிக்கப் போனான். ட்யூப் கரை ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை. வராத உடம்பை நீ எப்படிப் புதைத்தாய்? எதிர்வீட்டு ஓர்தென்சியா சொல்கிறாள், அவன் கடல் தாண்டி வடக்கே, அடுத்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பான் என்று. கரையேறியவர்களின் பெயர்களை அக்கரை வானொலியில் வாசிக்கிறார்களாம். மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் அவள் காது அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை காலை வகுப்பு. முற்றத்தில் பெண்களை நிறுத்தி யெமாயாவின் ஆட்டம் எடுத்துக்கொண்டிருந்தேன். கடல்தாயின் பாவாடை அலையாக விரிய வேண்டிய இடம். பல்தசார் சின்ன மத்தளம் வாசித்தான். சின்னது சொன்ன வார்த்தையையே சொல்லிக்கொண்டிருக்கும், அதை வைத்துக்கொண்டு முழு ஆட்டத்தையும் ஆட முடியாது. கூப்பிடும் தாய் உன்னிடம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லும் மத்தளம் சில்வினோவின் நாற்காலியில் சாத்தி வைத்தபடி. ஆகவே மிச்சத்தை நான் கையால் தட்டிக்கொண்டிருந்தேன்.

பதில் மத்தளம் பேசியது.

ஒரு தட்டு இரண்டு தட்டு இல்லை. ஒரு பாட்டு நீளத்துக்குப் பேசியது. பல்தசார் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். "நெரெய்தா, அடிச்சது நீதான? நீதான்னு சொல்லிடு தாயி, நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடறேன்" என்றான். நான் நாற்காலியிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றேன் என்று அவனுக்கே தெரியும்.

பெண்கள் நிறுத்தவில்லை. கயிற்று ஆலையில் வேலை பார்க்கும் யூசிமி இருக்கிறாளே, அவள் அந்தப் பதிலைக் கேட்டுச் சரியான இடத்தில் திரும்பினாள். அந்தத் திருப்பத்தை நான் இன்னும் யாருக்கும் சொல்லித்தரவில்லை.

செத்தவன் மத்தளம் வாசிக்கமாட்டான். ஆகவே அவன் உயிரோடு இருக்கிறான். இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

நெரெய்தா


சாந்தியாகோ
மே 24, 1993

அக்கா,

உன் கடிதத்தை ரயில் சமையல்காரன் கொண்டுவந்து கொடுத்தான். உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். படித்ததும் அது போய்விட்டது.

அக்கா, நீ சாப்பிடுகிறாயா? இங்கே என் மாணவன் ஒருவன் நேற்று வாசித்துக்கொண்டிருக்கும்போதே மயங்கி மத்தளத்தின் மேல் சாய்ந்தான். காலையில் சர்க்கரைத் தண்ணீர்தான் குடித்தானாம். வெறும் வயிறு என்னென்னவோ கேட்கும். வெயிலில் மரம் விரியும், தோல் முறுக்கிக்கொள்ளும், மாமரத்திலிருந்து பிஞ்சு விழுந்தாலும் மத்தளம் பேசும்.

ரெய்னியெர் விஷயத்தில் நான் செய்தது சரி. இப்போதும் அதைத்தான் சொல்வேன். நாற்காலி காலியாக இருந்தால் நிகழ்ச்சி இல்லை. நிகழ்ச்சி இல்லாவிட்டால் குழு இல்லை. மச்சானே இருந்திருந்தால், "எவனையாவது உக்கார வைடா, தாளம் நிக்கக்கூடாது" என்றுதான் சொல்லியிருப்பார். அவர் எனக்கும் வேண்டியவர்தான் அக்கா. உன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் தொடையும் என் தொடையும் இடித்துக்கொண்டு வாசித்தவர்கள் நாங்கள். ட்யூபில் அவருடைய செருப்பைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தாரே, அதை அவிழ்த்தவன் நான். வடக்கே போகிறவன் செருப்பை விட்டுவிட்டா போவான்?

இங்கே மலைச்சரிவில் ஒரு வீட்டு மாடியில் இருக்கிறேன். வீட்டுக்காரி எதுவிகெஸ் நல்லவள், வாய் மட்டும் ஓயாது. பட்டாணி கலந்த காப்பியைக் குடித்துவிட்டுக் காலையில் மொட்டைமாடியில் தனியாகத் தாயை வாசிப்பேன். வழக்கம் விடவில்லை. கூப்பிட்டுவிட்டு, மச்சான் பதில் சொல்லும் இடத்தைக் காலியாக விட்டு, அடுத்ததைக் கூப்பிடுவேன். எதுவிகெஸ் கீழேயிருந்து கத்துகிறாள்: "தம்பி, அடிச்சா முழுசா அடிங்க! பாதிபாதியா நிறுத்துனா எனக்கு மூச்சு முட்டுது!"

பல்தசார் பொய் சொல்ல மாட்டான். அது ஒன்றுதான் எனக்கு இடிக்கிறது. அவனிடம் கேட்டுச் சொல், எந்த நேரம், எந்தத் தாளம்?

எவெலியோ


மத்தான்சாஸ்
ஜூன் 8, 1993

தம்பி,

உன் கடிதத்தை மாமரத்தடியில் உட்கார்ந்து படித்தேன். "காலியாக விட்டு" என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு மறுபடி படித்தேன்.

காலையில்தான். காப்பி குடித்து முடிக்கும் நேரம். யெமாயா மட்டும் இல்லை, அவனுக்குப் பிடித்த எல்லாத் தாளமும் வருகிறது. நான் இப்போது அதை முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறேன். அது சும்மா கொட்டவில்லை. பேச்சின் ஒரு பாதி அது. யாரோ கேட்கிறார்கள், அது சொல்கிறது. கேட்கிறவரின் குரல் இங்கே இல்லை. ஆனால் அந்த இடைவெளியில் உன் கை அச்சாகப் பொருந்துகிறது. உன் கூப்பாட்டை உனக்குப் பல் முளைத்த காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடைசித் தட்டை இழுத்து விடுவாயே அந்தத் திமிர் வரைக்கும் எனக்குத் தெரியும். அந்தத் திமிருக்கு ஏற்ற மாதிரி அவன் கொஞ்சம் காத்திருந்து பதில் சொல்கிறான்.

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வருவதில்லை. பல்தசார்தான் இதைக் கண்டுபிடித்தான். "செவ்வாயன்னிக்கு மட்டும் அவனுக்கு லீவு போல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டான். அவன் இப்போது சின்னதை முற்றத்தின் மறுகோடியில், வாசலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறான்.

செவ்வாய்க்கிழமைகளில் நீ வாசிப்பதில்லையா?

ஓர்தென்சியாவிடம் சொல்லவில்லை. பெண்களிடம் உள்ளே ஒரு ஆள் வாசிக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். நம்பினார்களா தெரியாது. ஆனால் எவெலியோ, அவர்கள் எப்படி ஆடுகிறார்கள் தெரியுமா! நானும் ஆடுகிறேன். பிப்ரவரிக்குப் பிறகு என் இடுப்பு மரக்கட்டையாகக் கிடந்தது. இப்போது காலையில் கண் விழிக்கும்போதே பாவாடையைத் தேடுகிறேன்.

நீ வர வேண்டாம். அங்கேயே இரு. வாசி.

அக்கா


சாந்தியாகோ
ஜூன் 17, 1993

அக்கா,

செவ்வாய்க்கிழமை காலை நான் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்பேன். இதை நான் உனக்கு எழுதவில்லை. பல்தசாருக்கும் எழுதவில்லை. அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்துக் கீழே போய் எதுவிகெஸின் சமையலறையில் உட்கார்ந்துவிட்டேன். "என்ன தம்பி, பேயடிச்ச மாதிரி வர்றீங்க?" என்றாள். அவள் வெங்காயம் உரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தனியாக மாடிக்குப் போக மனம் வரவில்லை.

இங்கே எனக்கு எதுவும் கேட்கவில்லை. நான் கூப்பிடுகிறேன், காற்று அடிக்கிறது, கீழே யாரோ சைக்கிள் மணி அடிக்கிறார்கள். அவ்வளவுதான். பதில் முழுவதும் உன் முற்றத்தில் போய் விழுகிறது.

நம்ப எனக்கு மனமில்லை. ஆகவே ஒரு சோதனை. உன் கல்யாண விருந்தில் மச்சானும் நானும் உன்னைக் கேலி செய்தோமே, நினைவிருக்கிறதா? தாய் கேட்கும்: "அக்கா வீட்டுல என்ன வாசனை?" அவர் மத்தளம் சொல்லும்: "தீஞ்ச பீன்ஸ், தீஞ்ச பீன்ஸ்." நீ அகப்பையோடு எங்களைத் துரத்தினாய். அதை வேறு எங்கும் வாசித்ததில்லை. யாருக்கும் சொல்லித்தரவும் இல்லை.

வரும் இருபத்துநாலாம் தேதி, அருளப்பர் திருநாளன்று காலை, வேறு எதுவும் வாசிக்காமல், அதை மட்டும் கேட்கப்போகிறேன். என்ன வந்தது என்று எழுது. ஒன்றும் வரவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுது.

எவெலியோ


மத்தான்சாஸ்
ஜூன் 26, 1993

தம்பி,

தீஞ்ச பீன்ஸ் வந்தது.

முதலில் நீளமான அமைதி. மறந்துவிட்டானோ என்று நினைத்தேன். பிறகு அந்த இரண்டு வார்த்தை, அதே குறும்போடு, மறுபடி மறுபடி. பல்தசாருக்கு அர்த்தம் தெரியாது. ஆனாலும் சிரித்துவிட்டான். நான் சிரித்தேன், எவெலியோ. முற்றத்தில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "எங்கடா இருக்க? இங்க வந்து சாப்பிட்டுப் பாரு, தீஞ்சிருக்கா இல்லையான்னு!" என்று நாற்காலியைப் பார்த்துக் கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, மூடியது.

அதன் பிறகு மத்தளத்தை எடுத்து வைக்கப் போனேன். பெரிய பக்கத்துத் தோல் ஈரமாக இருந்தது.

மழை இல்லை. பனி பெய்யும் மாதமும் இல்லை. மரத்திலிருந்து எதுவும் சொட்டவில்லை, நிமிர்ந்து பார்த்தேன். நனைந்த தோல் பேசாது என்று உனக்கும் எனக்கும் தெரியும், தொப்தொப் என்றுதான் கேட்கும். இது கணீர் என்று பேசிவிட்டுத்தான் நனைந்திருந்தது. துணியால் துடைத்தேன். காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

பல்தசார், "என்ன, என்ன?" என்று வாசலிலிருந்தே கேட்டான். "ஒண்ணுமில்ல, என் வேர்வை" என்று சொன்னேன்.

வேர்வையாகவும் இருக்கலாம். நிறைய ஆடியிருந்தேன். வடக்கே போகிற வழியெல்லாம் கடல்தானே. நனையாமல் யார் போக முடியும்?

நிறுத்திவிடாதே.

அக்கா


சாந்தியாகோ
ஜூலை 6, 1993

அக்கா,

நிறுத்திவிட்டேன்.

தாயை உறையில் போட்டு உத்தரத்துக் கொக்கியில் தொங்கவிட்டிருக்கிறேன். உன் கடிதம் வந்த நாளிலிருந்து தொடவில்லை. பள்ளியில் பாடம் எடுக்கும்போது கையால் தட்டிக் காட்டுகிறேன். மாணவர்கள் எனக்கு மணிக்கட்டில் வலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீ உப்பை நாக்கில் வைத்த நொடியில் உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் வேர்வை என்று சொன்னாய். உன்னைத் திட்டவில்லை. நானும் ஒரு வாரம் அதே மாதிரி ஏதேதோ சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் இரண்டு நாளாக ஒரே நினைப்பு. மச்சான் கடலடியில் எங்கேயோ படுத்திருக்கிறார். அப்படியே விட்டால் தூங்கியிருப்பார். நான் தினமும் காலையில் காப்பி குடித்துவிட்டு ஒய்யாரமாக உட்கார்ந்து கூப்பிடுகிறேன். நல்ல வாத்தியக்காரர் அவர். தாய் கூப்பிட்டால் சும்மா இருக்கத் தெரியாது. அத்தனை தண்ணீரையும் தள்ளிக்கொண்டு கையைத் தூக்க வேண்டியிருக்கிறது. உனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, எனக்கும் வாசித்த திருப்தி. அவருக்கு?

அவரை விட்டுவிடுவோம் அக்கா.

எவெலியோ


மத்தான்சாஸ்
ஆகஸ்ட் 3, 1993

எவெலியோ,

உன் கடிதம் கிடைத்தபோது உன்னைப் பொய்யன் என்று நினைத்தேன். பதிலே எழுதக்கூடாது என்று இருந்தேன். ஏனென்றால் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஜூலை முழுவதும் வந்தது. செவ்வாய்க்கிழமையும் வந்தது. கூப்பிட்டுக்கொண்டே இருந்துவிட்டு நிறுத்திவிட்டேன் என்று அக்காவுக்குக் கதை விடுகிறான் என்று பல்தசாரிடம் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். "எவெலியோவோட கைக்கு இந்தப் பதில் பொருந்தல, நெரெய்தா. நல்லாக் கேளு. இது வேற யாருக்கோ சொல்றான்" என்றான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது நடந்ததைக் கேள்.

சனிக்கிழமை வகுப்பில் யூசிமி முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தாள். பதில் வந்துகொண்டிருந்தது. பாவாடையை இரண்டு கையாலும் விரித்துச் சுழன்றவள், சுழன்றபடியே வாசலைத் தாண்டினாள். பல்தசாரின் மேல் இடித்துக்கொண்டு போனாள், அவனைப் பார்க்கவேயில்லை. உற்சாகத்தில் போகிறாள், திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். தெருவில் ஜனங்கள் கை தட்டினார்கள். ஏதோ விழா ஊர்வலம் என்று நினைத்தார்களாம். சரிவான தெரு முழுவதும் ஆடிக்கொண்டே இறங்கி, ஆறு கடலில் விழும் இடத்துக்குப் போய், தண்ணீரில் இறங்கி, இடுப்பு மூழ்கிய பிறகும் சுழன்றிருக்கிறாள். நான் பின்னால் ஓடினேன். என் கால்களும் ஓடவில்லை, எவெலியோ, தாளத்தில் போயின. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் குதித்து அவளை முடியைப் பிடித்து இழுத்தார்கள். தலை முங்கியிருந்தது.

மணலில் கிடத்தினோம். தண்ணீரைக் கக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "மத்தளம் தண்ணிக்குள்ள இருந்துதான கேட்டுச்சு டீச்சர். கிட்டப் போனாத் தெளிவாக் கேக்குமேன்னு போனேன்" என்றாள்.

அவளுடைய அம்மா வந்து என்னை அறைந்தாள். வாங்கிக்கொண்டேன்.

வகுப்பை மூடிவிட்டேன். வீட்டுக்கு வந்து முற்றத்தைக் கடந்து சமையலறைக்குப் போனேன். நாலு எட்டுதான் வைத்திருப்பேன். நாற்காலியிலிருந்து பதில் வந்தது. நின்றேன், நின்றது. ஒரு காலை மட்டும் தரையில் தட்டினேன். ஒரே ஒரு தட்டு வந்தது. அப்போதுதான் பல்தசார் சொன்னது புரிந்தது. நீ நிறுத்தியது உண்மை. அதன் பிறகு கூப்பிட்டுக்கொண்டிருந்தது நான். என் காலும், என் பெண்களின் காலும்.

வீட்டில் நடக்காமல் எப்படி இருப்பது? செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி நடக்கிறேன். அதற்கும் மெல்லிசாகச் சொல்கிறான். நாற்காலிக்கு அடியில் தரை ஈரமாகவே இருக்கிறது. பாசி பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

அவன் செத்துவிட்டான், தம்பி. எழுதிவிட்டேன். வா.

நெரெய்தா


சாந்தியாகோ
ஆகஸ்ட் 11, 1993

அக்கா,

வருகிறேன். ரயில் எப்போது கிளம்பும் என்று ஸ்டேஷனில் யாருக்கும் தெரியவில்லை, ஆனால் கிளம்பினால் அதில் நான் இருப்பேன்.

ஒன்றைத் தீர்மானமாகச் சொல்லிவிடுகிறேன். அழுதுவிட்டுக் கலைவதற்காக நான் வரவில்லை. இறந்தவனுக்கு மூன்று மத்தளமும் வைத்து வாசித்து, அவன் சாப்பிட்ட தட்டை உடைத்து, அனுப்பிவைக்க வேண்டும். வழக்கப்படி இறந்து ஓராண்டு முடியட்டும் என்று காத்திருக்க முடியாது. மூன்றாவது ஆள் வேண்டும். அந்த நாற்காலி காலியாக இருக்கிறவரை மச்சான் தன் இடம் அது என்றுதான் நினைப்பார். யாராவது அதில் உட்கார்ந்து பதில் சொன்னால்தான் அவர் கையை இறக்குவார்.

அப்படி உட்காருகிறவன் மேல் நீ பழையபடி வந்து விழக்கூடாது. ரெய்னியெரிடம் போய் நீயே கேள். நான் கேட்டால் மரியாதையில்லை.

எவெலியோ


மத்தான்சாஸ்
ஆகஸ்ட் 20, 1993

தம்பி,

நீ கிளம்புவதற்குள் இது கிடைக்குமோ என்னவோ. ரயில்காரனிடம் கெஞ்சிக் கொடுத்தனுப்புகிறேன்.

ரெய்னியெர் வீட்டுக்குப் போனேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து சட்டையைக் கையால் மூடிக்கொண்டான், மறுபடி இழுத்துவிடுவேனோ என்று. மன்னிப்புக் கேட்டேன். வா, அந்த இடத்தில் உட்கார் என்றேன்.

"அக்கா, எல்லாரும் நீங்க என்னை அவமானப்படுத்திட்டதாச் சொல்றாங்க. நான் யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணச் சொல்றேன். அன்னைக்கு மேடையில அதத் தூக்கி மடியில வச்சதும் என் தொடை ரெண்டும் நனைஞ்சுபோச்சு. பயத்துல நானே நனைச்சுக்கிட்டேனோன்னு வெக்கத்துல செத்தேன். அப்புறம் கையில யாரோ கை வச்சாங்க. சில்லுன்னு. நீங்க வந்து இழுத்தீங்க பாருங்க, அப்ப உங்க கால்ல விழணும்போல இருந்துச்சு" என்றான்.

அவன் வரமாட்டான். வேறு எவனும் வரமாட்டான், யூசிமி கடலில் இறங்கியது ஊருக்கே தெரிந்துவிட்டது.

நீ வா. பேசிக்கொள்வோம்.

அக்கா


சாந்தியாகோ
அக்டோபர் 14, 1993

அக்கா,

இங்கே திரும்பி வந்து சேர்ந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. எழுத உட்காரும்போதெல்லாம் முற்றம்தான் கண்ணில் நிற்கிறது. மச்சானை அனுப்பிவைத்த அன்றைக்கு எல்லாரும் போன பிறகு நாம் இரண்டு பேரும் பேசவேயில்லை. நீ பாத்திரம் கழுவினாய், நான் துடைத்தேன். ஆகவே என் இடத்திலிருந்து நான் பார்த்ததை இப்போது எழுதுகிறேன்.

நீ பாவாடையை மாற்றிக்கொண்டு வெள்ளை உடையில் வந்து நேராக அந்த நாற்காலியில் உட்கார்ந்தாய். ஓர்தென்சியாதான் முதலில் வாய் திறந்தாள். "பொம்பள மத்தளத்த மடியில வைக்கிறதா? தெய்வக் குத்தம்டி!" பல்தசார் திரும்பி, "இது மேடை மத்தளம் ஓர்தென்சியா, இதுல தெய்வத்த யாரும் இருத்தல. இருக்கறவன் அவ புருஷன். அவன அவ மடியில வைக்காம நீயா வச்சுக்குவ?" என்றான். அவளும் சிரித்தாள். அதுதான் அன்றைக்குக் கடைசிச் சிரிப்பு.

நான் கூப்பிட்டேன். உன் கை பிந்தியது. ஆடிய உடம்புக்குத் தாளம் தெரியும், கைக்குத் தெரியவில்லை. நீ தொட்ட மாத்திரத்தில் தோலிலிருந்து தண்ணீர் தெறித்து என் கன்னத்தில் விழுந்தது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி பிந்தினாய். பிந்திய அந்த இடைவெளியில், அக்கா, இன்னொரு கை முன்னால் வந்து பதில் சொல்லிவிட்டது. எல்லாரும் கேட்டார்கள். நீ பல்லைக் கடித்துக்கொண்டு, "விடுடா, நான் சொல்றேன்" என்றாய். என்னிடம் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் நான் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. உன் முழங்கை வரைக்கும் தண்ணீர் வழிந்தது. மத்தளத்தின் குடத்திலிருந்து ஓட்டைக் குழாய் மாதிரி கொட்டி முற்றத்துச் சாக்கடைக்கு ஓடியது. வெளிச்சத்தில், நடுப்பகலில், இத்தனை பேர் பார்க்க. வானொலிப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருந்த ஓர்தென்சியா, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு துடைப்பத்தை எடுத்துவந்து அந்தத் தண்ணீரை வாசலுக்குத் தள்ள ஆரம்பித்தாள். வாசலில் யூசிமியின் அம்மா நின்றாள். அவள் தெருவுக்குத் தள்ளினாள். உன் பதில் ஒவ்வொன்றும் பிந்தியே வந்தது. ஆனால் நடுவில் வேறு கை வரவில்லை. கடைசியில் தண்ணீர் நின்றது. உன் உள்ளங்கையில் காய்ந்த தோலின் சத்தம் கேட்டது. பல்தசார் தட்டை உடைத்தான். நீ அப்போதுதான் அழுதாய்.

இதையெல்லாம் நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

இங்கே வந்தபின் தாயைக் கொக்கியிலிருந்து இறக்கவில்லை. நேற்று எதுவிகெஸ், "பாதி வாசிச்சாலும் பரவாயில்ல தம்பி, வீடு செத்த வீடு மாதிரி இருக்கு" என்றாள். இன்று காலையில் எடுத்தேன். கூப்பிட்டேன். வழக்கம்போல இடம் விட்டேன்.

பதில் வந்தது. இங்கே, இந்த மாடியில், யாருமில்லாத மூலையிலிருந்து.

மச்சான் இல்லை. அவர் கை எனக்குத் தெரியும். இது பிந்தி வந்தது. வலது கை கனமாக, இடது கை தயங்கி.

அக்கா, இதுவரை எனக்குத் தெரிந்து இப்படிப் பதில் சொன்னவர்கள் யாரும் உயிரோடு இல்லை. தபாலில் போட்டால் தாமதமாகும் என்று ரயிலடிக்கு இப்போதே ஓடுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? ஒரு வரி போதும். உன் கையால் எழுது, பல்தசாரை எழுதச் சொல்லாதே.

எவெலியோ


மத்தான்சாஸ்
அக்டோபர் 19, 1993

டேய் முட்டாள்,

உயிரோடுதான் இருக்கிறேன். இது என் கைதான், இந்த எழுத்தைப் பார்த்தாலே தெரியும். விரல் நுனியெல்லாம் கொப்புளம், பேனா பிடிக்க முடியவில்லை.

வகுப்பை மறுபடி தொடங்கிவிட்டேன். யூசிமியை அவள் அம்மாவே கூட்டிக்கொண்டு வந்தாள். வாசற்கதவைப் பூட்டிச் சாவியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பாடம் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். என் கால் இப்போது நான் வைத்த சத்தத்தை மட்டும்தான் தருகிறது. முதல் சில நாள் அந்த அமைதியைத் தாங்க முடியாமல் பாத்திரங்களைக் கீழே போட்டுக்கொண்டிருந்தேன். அலுவலகத்துக்குப் போய் அவன் இறந்ததைப் பதிந்துவிட்டு வந்தேன். வெளியே வந்து தெருவில் நின்றபோது, எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. பல்தசார் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான்.

நீ சொல்லும் அந்த வியாழக்கிழமை காலை பெண்கள் யாரும் வரவில்லை. மத்தளத்தை மடியில் வைத்துப் பழகிக்கொண்டிருந்தேன். எந்தக் கூப்பாடும் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் கை தானாக ஒரு இடத்தில் விழுந்தது. அங்கே ஏன் விழுந்தது என்று எனக்கே புரியாமல் உட்கார்ந்திருந்தேன். உன் கடிதம் வந்தபோது புரிந்தது.

பயப்படாதே. தினமும் காலையில் கூப்பிடு, நான் உட்கார்ந்திருப்பேன். என் கை சீக்கிரத்தில் திருந்தாது. பிந்தி வந்தால், அது நான்தான், நீ பாட்டுக்கு அடுத்ததைக் கூப்பிடு.

என்றைக்காவது பிந்தாமல் வந்தால் மட்டும் எனக்கு எழுது.

அக்கா